சிராப் நிறம்

பீடோங் மருந்துக்கடையில் பத்து கிராம்.
பொட்டலத்தைத் தள்ளிவிட்டு
"ஹாத்தி-ஹாத்தி, அக்கா" என்றான் பையன்.

செம்பனைக் காட்டில்
நாளெல்லாம் பூட்ஸுக்குள் ஊறிய
லோகாவின் கால்களுக்கு.

முதல் நாள் அவரே போட்டுக்கொண்டார்,
ரசத்துக்கு உப்புப் போடுகிறவர் மாதிரி, கண்ணளவில்.
கரையாத ஒரு மணி
சுண்டுவிரல் இடுக்கில் தங்கிவிட்டது.
தங்கிய இடத்தில்
சிகரெட் சுட்டதுபோல் ஒரு கருப்பு.

அதிலிருந்து நான்தான்.
கையுறை மாட்டி, குச்சியால் கலக்கி,
மணி ஒன்றுகூட மிச்சமில்லை என்று
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து,
பேசின் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாய்.
கத்தரிப்பூ நிறமா, இன்னும் தண்ணீர் ஊற்று.
வேண்டாத விருந்தாளிக்குக் கலக்கிய சிராப் போல
வெளுத்தால் போதும்.

அந்தச் சிராப்தான் வினை.
மீந்ததைக் கொட்ட மனமில்லாமல்
போத்தலில் ஊற்றி
ஐஸ்பெட்டிக் கதவில் நிறுத்தியிருக்கிறார் மனுஷன்.
பள்ளி விட்டு வந்த யாழிசை
மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

நான் கத்தவில்லை.
கையை நீட்டினேன். கொடுத்துவிட்டாள்.
"இது என்ன சிராப், மா?"
"அப்பா கால் கழுவுற தண்ணி."
சீ என்று ஓடினாள்.
அப்புறம்தான் என் கை நடுங்கியது.

பொட்டலம் இப்போது பூட்டிய தகரப்பெட்டியில்.
கிளிசரின் போத்தலை
அடுத்த அறைக்கே அனுப்பிவிட்டேன்,
இரண்டும் தொட்டுக்கொண்டால்
தீக்குச்சி வேண்டாமாம்.

குளியலறைச் சிமெண்டில் மட்டும்
பழுப்பாய் ஒரு பாதம்.
தேய்த்துப் பார்த்தாயிற்று.
வாடகை வீடு.
முன்பணத்தில் பிடிப்பார்கள்.