எட்டு வருடம்

விளம்பரத்தை அடித்தது நான்தான்.
உட்துறைமுக வீதி, பாமசிக்கு மேல்மாடி,
மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றுகிற மின்விசிறி.
"எட்டு வருச அனுபவம் எண்டு போடுங்கோ"
என்றார் மயூரதன், திரையைப் பார்க்காமலே,
பாணுக்குள் சம்பலை வைத்து மடித்தபடி.

அந்த மென்பொருள் வெளிவந்த மாதம்
எனக்கு நல்ல நினைவு.
ஆஸ்பத்திரிக் கட்டிலில் கைபேசியில் அந்தச் செய்தி
ஓடிக்கொண்டிருக்க
என் மகன் முதல் தும்மல் தும்மினான்.
அவனுக்கு அப்போது மூன்று வயது.
செருப்பை இடம் வலம் மாற்றித்தான் போடுவான்.

சொன்னேன்.
"கொழும்பில எல்லாரும் எட்டுத்தான் போடுறாங்கள்.
நாங்கள் மூண்டு போட்டா
சின்னக் கொம்பனி எண்டு நினைப்பினம்."
நாங்கள் சின்னக் கொம்பனிதான்.
ஐந்து பேர், ஒரு கேத்தில்.

எட்டு என்று அடித்தேன்.
வயது இருபத்தாறுக்குள்,
மூன்று மொழி, சொந்த மடிக்கணினி,
அழுத்தம் தாங்கும் மனம்.
சம்பளம் பேசித் தீர்க்கலாம்.
பஸ் நிலையச் சுவரில் ஒட்டிய பிரதியை
மான்கள் தின்னத் தொடங்கின,
கீழிருந்து, சம்பளத்தை முதலில்.

நாற்பத்தொரு பேர் எழுதினார்கள்.
ஒருவர் பதினொரு வருடம் என்று போட்டிருந்தார்.
தீர்க்கதரிசியைக் காணும் ஆவலோடு
அவரைக் காத்திருந்தேன்.

நுஸ்கியா கிண்ணியா பஸ்ஸில் வந்தாள்.
அனுபவம் என்ற கட்டத்துக்குள்
இரண்டு வருடம் நான்கு மாதம்.
மாதத்தையும் எண்ணியிருந்தாள்.
மீன்வாடி ஒன்றின் ஐஸ் கணக்கு
எங்கே ஒழுகியது என்று
அந்த மென்பொருளைக் கொண்டு பிடித்த கதையைச் சொன்னாள்.

"மிச்சம் அஞ்சு வருசமும் எட்டு மாசமும் எங்க?"

முக்காட்டு ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.
"சேர், பாலம் வாறதுக்கு முந்தி
வாப்பா பாதையில கயிறு பிடிச்சவர்.
பாலம் திறந்த அண்டைக்கு
அதுல பத்து வருசம் ஓடின சாரதி
ஒருத்தரும் இல்ல.
பாதையில ஏத்தி இறக்கிப் பழகின ஆக்கள்தான்
பஸ்ஸ ஓட்டிப் போனாங்க.
ஒருத்தரும் கடலுக்குள்ள விழல்ல."

மயூரதன் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான்.
கேத்திலைப் போடச் சொன்னார்.
அவள் தேநீர் குடித்துவிட்டுப் போனாள்.

பதினொரு வருடக்காரரை எடுத்தோம்.
முதல் நாள் பின்னேரம், எல்லோரும் போன பிறகு,
என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.
"அக்கா, இதை எங்கால திறக்கிறது?"
காட்டிக் கொடுத்தேன்,
அந்தச் சொல்லின் மற்ற அர்த்தத்தில் இல்லை.
மகன் உறங்கிய இரவுகளில் நானாகப் பழகியது.
எந்தக் கட்டத்திலும் அதை எழுதியதில்லை,
எவரும் கேட்டதுமில்லை.

சித்திரையில் அவர் டோகா போய்விட்டார்.
மயூரதன் பழைய விளம்பரத்தை எடுக்கச் சொன்னார்.
"வருசம் பிறந்திட்டுது.
இனி ஒன்பது எண்டு மாத்துங்கோ."

விசைப்பலகையில் எட்டும் ஒன்பதும் அயல்வீடு.
விரல் கொஞ்ச நேரம் வேலியில் நின்றது.

ஒன்பது என்று அடித்தேன்.
மகனுக்கு நாலு நடக்கிறது.
செருப்பு இன்னும் மாறித்தான்.