ஃபேன் பெல்ட் அறுந்த இடம்

லெத்தெமில் கிளம்பும்போது
ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.
பாம்பு கடித்தால், ஆறு இழுத்தால்,
புல்தீ சூழ்ந்தால், குதிரை உதைத்தால்
கம்பெனி பொறுப்பல்ல.
ஃபேன் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அது மூன்றாம் நாள் நண்பகலில் அறுந்தது.
டெல்வினா பானெட்டைத் தூக்கி
அடிபட்ட சாரையைப் போல
இரு விரலில் தொங்கவிட்டுக் காட்டினாள்.
எங்களிடம் உபரி டயர் இரண்டு,
கயிறு நாற்பது முழம், மண்வெட்டி,
கிளிகளைப் பற்றிய படப்புத்தகம்
எல்லாம் இருந்தன.

"ஆற்றுக்கு அப்பால் பதினோரு மைல்.
மச்சானிடம் பழைய டிராக்டர் இருக்கிறது,
அதன் பெல்ட் பொருந்தும்.
பொருந்தாவிட்டால் பொருத்தலாம்.
விடியலில் வருவேன்,
வண்டியை விட்டு நகராதே."
மரவள்ளிக் குருணை ஒரு கிண்ணம்,
உப்புக்கண்டம் ஒரு துண்டு
என் மடியில் வைத்துவிட்டு நடந்தாள்.
புல் அவள் இடுப்பைத் தின்றது, தோளைத் தின்றது,
சிவப்புத் தொப்பியை மட்டும்
கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தது.

பகலில் ஒன்றுமில்லை. பகல் என்றால் வெயில்.
கானுக்கு மலை தூரத்தில்
நீலச் சோம்பலாகப் படுத்திருந்தது.
கண்ணுக்கு எட்டியவரை எண்ணினேன்:
முந்நூற்றுப் பன்னிரண்டு கறையான் புற்றுகள்.
மறுபடி எண்ணினேன், முந்நூற்றுப் பதின்மூன்று.
அந்த ஒன்று எழுந்து நடந்தது.
துடைப்பம் போன்ற வாலை இழுத்துக்கொண்டு
ஒரு பெரிய எறும்புண்ணி,
என்னை ஒரு பொருட்டாகவே கருதாமல்
வண்டியின் நிழலைக் கடந்து போனது.

இரவு வேறு.
தரையோடு ஒட்டிப் படுத்த பக்கிகள்
கேட்ட கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தன.
மலைச்சரிவில் யாரோ வைத்த தீ
ஒரு வரியை எழுதி, அடித்து, எழுதியது.
பத்து மணிக்குமேல் ஓர் இருமல்.
மரம் அறுக்கும் ரம்பத்தை
இரண்டே இழுப்பில் நிறுத்தியதுபோல.
கண்ணாடிகளை ஏற்றினேன்.
கதவுப் பூட்டை நாலு முறை அழுத்தினேன்.
சிறுநீரைத் தண்ணீர் பாட்டிலில் விட்டேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.
ஏதோ பின்பக்கம் உரசியது. வண்டி ஆடியது.
நானும் ஆடினேன்.
தாளில் இருந்த
பதினேழு பொறுப்பின்மைகளையும்
ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.
பேனா இருந்தது, வீட்டுக்கு ஒரு கடிதம் தொடங்கினேன்.
"பயப்படாதே" என்பதற்கு மேல் ஓடவில்லை.

விடியலில் வந்தாள்.
பூட்ஸ் இரண்டும் கழுத்தில்,
பெல்ட் தோளில்,
வலக்காலைச் சற்றே நொண்டி.
முழங்காலில் உலர்ந்த ரத்தம்.
"எது தாக்கியது?" என்று கதவைத் திறந்து ஓடினேன்.
"மெரிண்டா" என்றாள்.

நேற்று அங்கே
பெண்கள் கால்பந்து இறுதி ஆட்டமாம்.
இவள் போய்ச் சேர்ந்தபோது இடைவேளை.
கோல்கீப்பருக்குக் காய்ச்சல்.
மச்சான் பெல்ட்டைக் கழற்றுவதற்குள்
பாதி ஆட்டம் ஆடிவிடலாமே என்று.
"இரண்டுக்கு ஒன்று. தோற்றோம்.
கடைசி நிமிடத்தில் பெனால்டி."

நான் இருமலைச் சொன்னேன்,
வண்டி குலுங்கியதைச் சொன்னேன்.
குனிந்து பார்த்தாள்.
பின்சக்கரத்துக்கு அருகே புழுதியில்
என் உள்ளங்கையளவில் நாலு தடம்.
"ஜாகுவார்தான். பெரிசு. ஆண்."
பொறுமையாகத்தான் சொன்னாள், மரியாதையோடு.
பிறகு,
"அவள் வலப்பக்கம் பார்த்தாள்,
நானும் வலப்பக்கம் பாய்ந்துவிட்டேன்" என்றாள்.

பெல்ட் பொருந்தவில்லை. பொருத்தினாள்.
எஞ்சின் என் இரவைப் போலவே
இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.
ஆற்றுத்துறையில் இறங்கினோம்.
தண்ணீர் கதவடிக்கு வந்தது, உள்ளே வந்தது,
கிளிப் புத்தகம் மிதந்தது.
நான் இருக்கையை இறுகப் பற்றிக்கொண்டேன்.
நட்டாற்றில் அவள்
ஸ்டியரிங்கிலிருந்து இரு கையையும் எடுத்து
இடப்பக்கமாக நீட்டினாள்.
இந்த முறை
பந்தைப் பிடித்தேவிட்டாள்.