இரண்டாம் அடித்தளம்

வடபழனி மாலின் இரண்டாம் அடித்தளத்தில்
என் காருக்கு என்னைத் தெரியவில்லை.

"அருகில் வாருங்கள்" என்கிறது போன்.
இதற்கு மேல் அருகில் என்றால்
கண்ணாடிக்கு முத்தம்தான் கொடுக்க வேண்டும்.
கதவுப் பிடியில் வைத்துப் பார்த்தேன்,
பானெட்டில்,
யாரும் பார்க்காதபோது என் நெற்றியில்.

சிக்னல் தேடிச் சாய்தளம் ஏறினேன்.
மேலே மழை. நான்கு கோடுகள்.
"உங்கள் வாகனம் தொலைவில் உள்ளது."
இறங்கினேன்.
வாகனம் இருக்கிறது, கோடு இல்லை.

பின் இருக்கையில்
காலையில் வாங்கிய இட்லி மாவு
பாக்கெட் உப்பிப் புளித்துக்கொண்டிருக்கிறது,
எந்த இணைப்பும் தேவைப்படாமல்.

பேட்டரி ஒன்பது சதவீதம்.
டோக்கன் தரும் லூர்துசாமி
மொபெட் சாவியால் காது குடைந்துகொண்டிருந்தவர்
பாதியில் நிறுத்தி,
"ஒருவாட்டி அணைச்சுப் பாத்தீங்களா மேடம்?" என்றார்.

போனையா காரையா என்று
நான் கேட்கவில்லை.

அணைத்தேன்.
கறுத்த திரையில் டியூப்லைட்டும்
என் மூக்கும் தெரிந்தன.
எட்டு சதவீதம்.

எங்கோ இரண்டு முறை விளக்கு சிமிட்டியது.
என்னுடையதா,
தூணுக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக் காரா?

கதவைத் தொடுமுன்
நேர்முகத் தேர்வுக்குப் போகிறவள் மாதிரி
துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டேன்.