ஏழாம் எண்

மண்டபத்தில் எட்டுப் படலங்களைச் சோதனைக்கு வைத்தோம்.
தாளைவிட மெல்லிசு. நாவற்பழ நீலம்.
தொட்டால் பிளாஸ்டிக், சுருட்டினால் சுருளும்,
வெளிச்சம் பட்டால் மின்சாரம் சுரக்கும்.

ஆறு, ஆய்வகத்து மொட்டைமாடியில்.
எட்டாவது ஒப்பிட்டுப் பார்க்க, இருட்டுப் பெட்டிக்குள்.
ஏழாவதைக் கட்டுபாவா
தன் படகின் இன்ஜின் கூரையில் ஒட்டிக்கொண்டார்.
"போன் சார்ஜ் ஏறுமா? அது போதும்."

உப்பு முதலில் ஓரத்தைத்தான் தின்னும்.
பசை இளகிய இடம் பார்த்து ஈரம் நுழையும்.
பிறகு வெயில்:
எதைத் தின்று வாழ்கிறதோ
அதுவே அதன் நீலத்தை வெளுக்கும்.

வெள்ளிக்கிழமை படகு கடலுக்குப் போகாது.
அன்றைக்கு மீட்டரோடு போய் அளப்பேன்.
ஒன்பது. எட்டரை. எட்டேகால்.
மாடியில் இருப்பவை மளமளவென்று இறங்க
ஏழு மட்டும் மெதுவாகக் களைத்தது.
ஏனென்று தெரியவில்லை.
காற்றா, மீன் எண்ணெயா, அலையின் ஆட்டமா,
கண்டுபிடித்திருப்பேன்.

பதினெட்டாம் வாரம் படகு வரவில்லை.
கோடு தாண்டியதாம்.

படலத்துக்குள்ளும் ஒரு கோடு உண்டு,
இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் எல்லை.
ஒளி விழுந்ததும் ஓர் எலக்ட்ரான் எழும்,
அது எழுந்துபோன காலியிடமும் கூடவே அலையும்.
பத்து நானோமீட்டருக்குள்
இரண்டும் எல்லைக்கு வந்து சேர வேண்டும்.
வராவிட்டால் ஒன்றில் ஒன்று விழுந்து
சும்மா சூடாகித் தீர்ந்துபோகும்.
வந்தால் பிரியும்.
பிரிந்தால்தான் விளக்கு எரியும்.

இதை நான் ஜெமிலத்திடம் சொல்லவில்லை.
நண்டு கம்பெனி வாசலில்
ஓடு கீறிய விரல்களை முந்தானையில் துடைத்தபடி
அவள்தான் கேட்டாள்:
"அவுகள விட்டாலும் படகை விட மாட்டாகளாம்.
ஒங்க தாளு அங்கிட்டும் கரண்டு எடுக்குமா?"

எடுக்கும்.
வாங்கிக்கொள்ள ஆளில்லாவிட்டாலும் எடுக்கும்.

"எம்புட்டு நாளைக்கு?"

மூன்று வருடமாக, நாற்பது பக்கத் திட்ட அறிக்கையில்
நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
பதில் தெரியாது என்றேன்.
அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்,
அடுத்த கூடை வந்திருந்தது.

ஏழுக்கு நேரே 'தொலைந்தது' என்று போடச் சொன்னார் நெறியாளர்.
போட்டேன். அடித்தேன்.
பதினேழாம் வாரம்: ஏழே முக்கால்.
அதற்கு அடுத்த கட்டம் காலியாக இருக்கிறது.

மாடிக்குப் போனேன்.
மூன்றாம் எண்ணின் ஒரு மூலை
தண்ணீர் கலந்த மோர் நிறமாகியிருந்தது.
வாடை தொடங்கிவிட்டது.
பசை வாங்க வேண்டும்.