காரியதரிசிக்காக

கச்சேரி வாசலில், வாகை மர நிழலில்
ஒரு மேசை, ஒரு தட்டச்சு, நான்.
மனு ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய்.
தூக்கு மனுவுக்கு மட்டும் காசு வாங்குவதில்லை.

மட்டுவிலில் இருந்து பூரணம் வந்தாள்.
கதியாலை ஒரு முழம் தள்ளி நட்ட தகராறில்
புருஷன் கத்தி எடுத்துவிட்டான்.
"இராணி எதிர் கதிரித்தம்பி" என்றது
அவள் கொண்டுவந்த கடதாசி.
"இராணிக்கும் எங்களுக்கும் என்ன வேலிச் சண்டை?
அவவுக்கே எழுதுங்கோ.
பொம்பிளைக்குப் பொம்பிளை விளங்கும்."

அவ எங்கோ குளிர் தேசத்தில், என்றேன்.
இங்கே அவவின் இடத்தில் மகாதேசாதிபதி.
மன்னிப்பு அவர் கையில்.
கை மட்டும்தான் அவருடையது;
மந்திரி சொன்னால்தான் அசையும்.
மந்திரியை வைத்திருப்பது பிரதம மந்திரி.
பிரதம மந்திரியை வைத்திருப்பது
சபையில் உயரும் கைகளின் எண்ணிக்கை.
அந்த எண்ணிக்கை,
போன பங்குனியில் நீர் போட்ட புள்ளடியில் தொடங்குகிறது.

"குடைக்குப் போட்டனான்.
குடை தோத்துப் போச்சு."

ஒரு பஸ் புழுதி கிளப்பிப் போனது.
சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி
அவளே தொடர்ந்தாள்:
"இப்ப விளங்குது.
காணி என்ரை சீதனம், உறுதியிலை என்ரை பேர்.
பிரக்கிராசிக்குக் காசு கட்ட ஈடு வைக்கப் போனால்
புருஷன்ரை ஒப்பம் வேணுமாம்.
அவர் மறியலுக்குள்ளை.
இராணியும் என்னைப் போலத்தான்."

ஓம், ஆனால் ஒரு வித்தியாசம்:
அவவுக்கு ஒப்பம் சொல்கிறவரை
நாங்கள் மாற்றலாம்.

"மாத்தி?"

நான் தாளைச் செருகினேன்.
மேன்மைதங்கிய, மாட்சிமைதங்கிய எல்லாம் தட்டி,
"தாழ்மையுள்ள" என்ற இடத்தில் நாடா சிக்கியது.
விரலெல்லாம் கறுப்பு.
கறுப்போடு கறுப்பாக அவள் பெருவிரலும் பதிந்தது.

நாலு மாதம்.
முடி பொறித்த உறை.
மரணம் ஆயுளாக மாற்றப்பட்டதென
அறிவிக்கப் பணிக்கப்பட்டுள்ளேன்.
பணித்தது யாரென்று இல்லை.
அடியில் புழு நெளிந்ததுபோல் ஒரு கிறுக்கல்,
அதற்கும் கீழே
"நிரந்தரக் காரியதரிசிக்காக."

பூரணம் அழுதாள், பிறகு கணக்குப் பார்த்தாள்,
ஆயுள் என்றால் எத்தனை வருஷம் என்று.
அடுத்த கிழமை
ஒரு கட்டு முருங்கைக்காய் மேசையில் வைத்தாள்.
ஆருக்கு?
"முடிவெடுத்த ஆளுக்கு."

கிறுக்கலை வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.
ஆனாவா, சூனாவா, தெரியவில்லை.
மத்தியானச் சோற்றுக்கு அவசரப்பட்ட
என்னைப் போல் ஒரு கிளாக்கராக இருக்கலாம்.

முருங்கைக்காயை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்,
காரியதரிசிக்காக.