ஆட்சேபணை இல்லை

சங்கம் எனக்கு என்ன செய்தது என்று
சந்தா கட்டும் ஒவ்வொரு ஏப்ரலிலும் கேட்டுக்கொள்வேன்.
ஒரு டைரி.
அட்டையின் பொன்னெழுத்து மே மாதத்துக்குள் விரலில் ஒட்டிக்கொள்ளும்.
மண்ணடியில் இரண்டாம் மாடி, கீழே இரும்புக்கடை.
பேச்சாளர் ஜிஎஸ்டி திருத்தத்தின் முக்கியமான இடத்துக்கு வரும்போது
லாரியிலிருந்து கம்பி இறக்குவார்கள்.
வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து, ஒரு சமோசா,
வரவேற்புரை, நன்றியுரை.
நன்றியுரைதான் எப்போதும் நீளம்.

அந்த வருஷம் காசிமேட்டு ஐஸ் கம்பெனி என்னைத் தேடி வந்தது.
முதலாளி துளசிங்கம், சட்டைப்பையில் மூன்று பேனா,
பழைய ஆடிட்டருக்குத் தந்ததுபோல் இரண்டு மடங்கு என்றார்.
என் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய மாதம்.
சரி என்று சொல்ல வாயும் திறந்துவிட்டேன்.

விதி ஒன்று குறுக்கே நின்றது:
முன்னவருக்கு எழுதிக் கேட்காமல்
அவர் எழுந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.
"அதெல்லாம் சடங்கும்மா" என்றார் துளசிங்கம்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
நான் பொறுப்பேற்பதில் தங்களுக்குத்
தொழில்முறை ஆட்சேபணை ஏதும் உண்டா?
பதிவுத் தபால், ராயபுரம் அஞ்சலகம், ஒப்புகை அட்டையோடு.

தஸ்தகீரை நான் பார்த்ததே இல்லை.
இல்லை, பார்த்திருக்கிறேன்.
கடைசி வரிசை, ஓடாத மின்விசிறிக்கு நேர் கீழே,
சமோசாவைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்.

பதினோராம் நாள் பதில்.
ஆட்சேபணை இல்லை.
கட்டணப் பாக்கி உண்டு, அது என் பாடு.
இருப்பை மட்டும் நேரில் எண்ணுங்கள்,
விடியற்காலை நாலு மணிக்கு.

மார்ச் முப்பத்தொன்று.
நாலு மணிக்கு முதலாளி தூங்குவார்,
குளிரறைச் சாவி வைத்திருக்கும் சூசை தூங்குவதில்லை.
"இன்னா மேடம், நேர்லயே வந்துகினே?
அந்த பாய் ஆடிட்டரும் இப்டிதான் வந்து
இங்கியே நின்னுகினு இருந்தாரு, ரொம்ப நேரம்."

புத்தகத்தில் இறால் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பெட்டி.
அதை நம்பித்தான் வங்கி கடன் கொடுத்திருக்கிறது.
முதல் நான்கு வரிசையில் இறால் இருந்தது.
ஐந்தாவது வரிசையில் ஒரு பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன்.
ஐஸ்.
அடுத்ததைப் பிரித்தார். ஐஸ்.
பிறகு சூசை என்னைக் கேட்காமலே பிரித்துக்கொண்டு போனார்.
நானூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன்,
அதற்கு மேல் எண்ண விரல் மடங்கவில்லை,
எண்ணவும் எதுவும் இல்லை.

"தண்ணியும் கடல்லேர்ந்து வந்ததுதானம்மா"
என்று சிரித்தார் துளசிங்கம், ஒன்பது மணிக்கு.
மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து நீட்டினார்.
வாங்கவில்லை.
ஜூனில் விலகல் கடிதம் கொடுத்தேன்.
கல்லூரிக்கு என் வளையல்கள் போயின,
தங்கசாலைத் தெரு அடகுக்கடை வழியாக.

வாடிக்கையாளர் ரகசியத்தை வெளியே விடக் கூடாது,
அதுவும் சங்கத்தின் விதிதான்.
சொல்லக் கூடாததைச் சொல்லாமல்
எவ்வளவு தூரம் வரலாமோ அவ்வளவு தூரம் வந்து
நின்றிருந்தது அவருடைய கடைசி வரி.
அடுத்த கூட்டத்தில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
ஐஸைப் பற்றி இருவரும் பேசவில்லை.
"பாக்கி வந்ததா?" என்றேன்.
"உங்களுக்கு?" என்றார்.
கீழே கம்பி விழுந்தது.
என் சமோசாவையும் அவருடைய காகிதத்தில் வைத்தேன்.

ஆகஸ்டில் எனக்கொரு பதிவுத் தபால்.
வியாசர்பாடி, எழினி என்று ஒரு பெண்,
முத்திரையின் மை இன்னும் புதிது,
"தொழில்முறை" என்பதில் ஓர் எழுத்துப்பிழை.
தங்களுக்கு ஆட்சேபணை ஏதும் உண்டா?

ஆட்சேபணை இல்லை என்று தொடங்கினேன்.
இருப்பு, நேரில், நாலு மணி,
எல்லாம் எழுதியாயிற்று.
இன்னும் ஒரு வரி போட
எந்த விதியிலாவது தடை இருக்கிறதா என்று
டைரியின் பின்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை.
எழுதினேன்:
உள்ளே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.