நாலு விநாடி

முன்னால் ஜப்பான், பின்னால் சீனா.
பிறை யார்டில் இரவு எட்டு நாற்பதுக்கு
ரெண்டு எஞ்சினுக்கும் கொக்கி போட்டுக் கொடுத்தான்
ஷண்டிங் அருள்ராயன்.
பிரேக் குழாய் ஒத்துப்போயிற்று.
காற்றுக்கு ஏது கம்பெனி.
கன்ட்ரோல் கேபிளைத்தான்
இதன் வாய்க்கும் அதன் பல்லுக்கும்
வைத்து வைத்துப் பார்த்துவிட்டு
சுருட்டி ஓரமாய்ப் போட்டான்.
"பேசாதுங்கண்ணே. ஆளுக்கு ஒரு டிரைவர்தான்."

பின் எஞ்சினில் ஸுல்ஹில்மி.
மூன்று வாரமாய் நாங்களும் பேசுவதில்லை.
நோன்புப் பெருநாளுக்கு அவனுக்காக
ரெண்டு ராத்திரி ஓட்டினேன்.
தீபாவளிக்கு ஒரு ராத்திரி கேட்டேன்.
முடியாது என்றான்.
கணக்குச் சொன்னேன்.
எழுதியா வைத்தாய் என்றான்.
எழுதித்தான் வைத்திருந்தேன்,
என் டைரியின் பின் அட்டையில், தேதி போட்டு.
அதைக் காட்டியிருக்கக் கூடாது.

முப்பத்திரண்டு வண்டி, ஆயிரத்து நானூறு டன்.
கையுறை, மரப்பலகை, யாருடையதோ குளிர்பெட்டி.
தலைக்கு மேல் கம்பியில் மின்சாரம்
பயணிகளுக்காக ஓடுகிறது;
கீழே நாங்கள் இன்னும் புகையோடு.

ஜப்பான், கைப்பிடியைத் தொட்டாலே துள்ளும்.
சீனா யோசிக்கும்.
நாட்ச் கொடுத்தபின்
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு
அப்புறம்தான் மூச்சுப் பிடித்து
என் முதுகில் வந்து இடிக்கும்.
அதற்குள் நான் இழுத்தால்
மழைத் தண்டவாளத்தில் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும்.
ஆகவே பின்னால் இருப்பவன் முதலில்,
முன்னால் இருப்பவன் அப்புறம்.
ரூல் புத்தகத்தில் இது இல்லை.

வாக்கி கரகரத்தது.
"சாத்து."
மலாயில் ஒன்று.
தமிழில், கதவை மூடு.
ரெண்டையும்தான் சொன்னான் என்று எடுத்துக்கொண்டேன்.
எண்ணினேன். இடித்தது. தள்ளினேன்.
கொக்கிகள் ஒவ்வொன்றாய் இறுகும் சத்தம்
கடைசி வண்டிவரை ஓடி
மழைக்குள் போயிற்று.

ஆபீசில் ஒருவர் சொன்னார்,
வேறு வேறு எஞ்சின் சேர்ந்து இழுப்பதை
ஒற்றுமை வாரத்துக்குப் போஸ்டர் போடலாமாம்.
அவர் கொக்கியைத் தொட்டதில்லை.
அதில் கிரீஸ் இருக்கும்.
அப்புறம் ஒரு விரற்கடை இடைவெளி.
அது இல்லாவிட்டால்
எந்தச் சரக்கு ரயிலும் கிளம்பாது.

புக்கிட் மெர்தாஜாமில் நிறுத்தினார்கள்.
ஜன்னலெல்லாம் வெளிச்சமாய்
வடக்கே போனது மின்ரயில்;
ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்தியிருந்தது.
அந்தக் காத்திருப்பில்
என் வாக்கியின் பேட்டரி செத்தது.
இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம்.
முப்பது அடி தூரம்தான்.
மழை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சிக்னல் பச்சை.
ஒரு சின்ன ஹாரன் கொடுத்தேன்.
ஒன்று.
இரண்டு.
இடித்தது.

ரெண்டிலேயே.
அப்படியானால் ஹாரனுக்கு முன்பே கொடுத்திருக்கிறான்.
பக்கத்து ஜன்னலில் தலையை நீட்டி,
நனைந்துகொண்டு,
எனக்கு முன்னால் அந்தப் பச்சையைப் பார்த்திருக்கிறான்.
நான்தான் பிந்தினேன்.
வெறுங்கையாய் ஒரு விநாடி
ஆயிரத்து நானூறு டன்னோடு என்னையும் சேர்த்து
அவன் தள்ளிக்கொண்டிருந்தான்.

சிம்பாங் அம்பாட் தாண்டியதும் மழை விட்டது.
டைரியை எடுத்து எழுதினேன்:
ரேடியோ பழுது. பதினோரு நிமிடம் தாமதம்.
பேனா மூடியைத் தேடும்போது
பின் அட்டை தானே திறந்தது.
மூடி கிடைக்கவில்லை.
நிபோங் திபால் விளக்குகள் வந்துவிட்டன,
ரெண்டு கையும் வேண்டியிருந்தது.